கேன்டீன் சுவருக்கு ஒரு வாக்கியம்

மார்ச் மாதம் வந்தால் எங்கள் தெருவில் எனக்குக் கிராக்கி ஏறிவிடும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கிற கம்பெனிகளில் அப்போதுதான் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். வேலை செய்கிறவர்கள் பாதுகாப்பைப் பற்றி ஆளுக்கொரு வாசகம் எழுதித் தர வேண்டும். தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று நோட்டீஸ் போர்டில் போட்டிருப்பார்கள். ஆனால் இங்கிலீஷில் எழுதினால்தான் பரிசு என்று எங்கள் தெரு தானாகவே முடிவு கட்டியிருந்தது. நானோ பொன்னேரிக்குத் தினமும் ரயில் ஏறி பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தவள். அப்புறம் கேட்க வேண்டுமா?

சாயங்காலம் நான் ரயிலை விட்டு இறங்கி வருவதற்குள் வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். பெயின்ட் கம்பெனிக்காரர் ஒருவர், இரும்பு உருக்குகிற ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர், மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி. "சூப்பரா ஒண்ணு எழுதிக் குடு பாப்பா, கேட்டா அப்படியே ஆடிப் போயிடணும்" என்பார்கள். யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஆளுக்கு ஏற்ற மாதிரி எழுதித் தருவேன். பதிலுக்கு மசால் வடையும் முருங்கைக்காயும் பழவேற்காட்டு இறாலும் வீட்டுக்கு வரும். அம்மா அதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, "இவ படிப்புக்கு இதாவது வருதே" என்பாள்.

எனக்கு அப்போது உவமை, உருவகம் என்றால் உயிர். வாத்தியார் நடத்திய பாடங்களில் எனக்குப் பிடித்ததே அதுதான். நேராகச் சொன்னால் எனக்கு ஆகாது. பாதுகாப்பு ஒரு கலங்கரை விளக்கம், பாதுகாப்பு ஒரு கோட்டை மதில், பாதுகாப்பு புயலில் ஒரு நங்கூரம் என்று அள்ளி விடுவேன். கடலில் இருக்கிறதை எல்லாம் கொண்டுவந்து கிரேன்காரர் தலையில் கட்டிவிட்டேன். அவருக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் குடம் கிடைத்தது.

ஊரெல்லாம் என்னிடம் வரும்போது எங்கள் நைனா மட்டும் ஒரு தடவையும் கேட்டதில்லை. அவர் கார்களுக்கான தகட்டுப் பாகங்கள் அடிக்கிற கம்பெனி ஒன்றில் பிரஸ் மிஷின் ஓட்டினார். அவர் அப்பா காலம்வரை திருவாலங்காட்டுப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். கம்பெனிச் சீருடை போட்ட முதல் ஆள் நைனாதான். போட்டி, பரிசு எல்லாம் ஆபீஸ்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கியே இருப்பார்.

அப்படிப்பட்டவர், நான் இரண்டாம் வருஷம் படிக்கையில், பாதுகாப்பு வாரத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, நம்பளுக்கு ஒண்ணு எழுதித் தர்றியா?"

"உனக்கா? நீதான் பரிசெல்லாம் வாணாம்னு சொல்லுவியே நைனா."

"பரிசு கெடக்குது. மொத பரிசு எதுக்கு வருதோ, அதத்தான் கேன்டீன் வாசல்ல பெயின்ட்டுல எழுதுவாங்க. ஒரு வருசத்துக்கு அதான் இருக்கும். இப்ப இருக்கறத எடுக்கணும் பாப்பா. அதே மாதிரி இன்னொண்ணும் வந்துடக் கூடாது."

அப்போது அங்கே இருந்த வாசகம் எனக்குத் தெரியும். கேர்லெஸ் ஆள் கையை இழப்பான், கேர்ஃபுல் ஆள் வீட்டுக்குப் போவான் என்று அர்த்தம் வருகிற ஆங்கில வரி. மஞ்சள் சுவரில் சிவப்பு எழுத்து, பக்கத்தில் விரித்த கை ஒன்றின் படம். ஆபீஸில் யாரோ கம்ப்யூட்டரில் பார்த்து எழுதிக் கொடுத்தது. அதை எழுதியபோது யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. ஆனால் அந்த வரி சுவருக்கு வந்து மூன்று மாதத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியப்பாவின் வலது கை பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அந்த வரி அவரைப் பற்றியதாக ஆகிவிட்டது.

பெரியப்பா என்று சொன்னாலும் அவர் எங்களுக்கு ரத்த சொந்தம் இல்லை. அவர்கள் கிறிஸ்தவர்கள், நாங்கள் இந்துக்கள். நைனாவுக்கும் அவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட், ஒரே மொபெட். அவர் ஓட்டுவார், நைனா பின்னால் உட்கார்ந்து விடாமல் பேசிக்கொண்டே போவார். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. கிறிஸ்துமஸுக்கு எனக்குத்தான் முதல் துணி எடுப்பார்கள்.

அவர் கவனமில்லாத ஆள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால்தான் அந்த மிஷின் இறங்க வேண்டும். அன்றைக்கு யாரும் எதையும் அழுத்தாமலே இறங்கிவிட்டது. பக்கத்து மிஷினில் நின்ற நைனா அதைக் கண்ணால் பார்த்தவர். வலது கையில் கட்டை விரல் மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவரை டூல் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அதற்கப்புறம் மொபெட்டை நைனா ஓட்டினார். பெரியப்பா பின்னால் உட்கார்ந்து போனார், பேச்சில்லாமல்.

அவர்களுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். காலை எட்டு மணிக்குக் கேன்டீனில் நாஷ்டா தருவார்கள். பெரியப்பா அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் எடுத்துப் போய் ஸ்டோரில் ரேக்குகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது என்பதால்தான் அப்படி என்று நைனா முதலில் நினைத்திருந்தார். ஒரு நாள் வற்புறுத்திக் கூப்பிட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"அந்த வாசல்ல நான் நொழையும்போது அல்லாரும் ஒரு தபா செவுத்தப் பாக்குறான், ஒரு தபா என் கையப் பாக்குறான். சோறு எறங்குமா? நீ போய்த் துன்னுட்டு வா" என்றாராம்.

எத்தனையோ வருஷமாக அந்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டவர்கள். நைனாவுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அவர் மறுபடி அந்த பெஞ்சில் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

நானும் கோதாவில் இறங்கினேன். முதலில் எழுதியது, பாதுகாப்பு என்பது ஆபத்து மழையில் ஒரு பொற்குடை. ஆங்கிலத்தில் அது ரொம்ப அழகாக இருந்தது. வாசித்துக் காட்டி, தமிழிலும் சொன்னேன். நைனா யோசித்தார்.

"கொடைய புடிச்சிக்கினு எப்டி பாப்பா மிஷின் ஓட்றது? ஒரு கை அதுக்கே போயி..." என்று சொல்லவந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். குடை அதோடு போயிற்று.

அடுத்த நாள், இருட்டில் ஏற்றிய விளக்கு. "எங்க மிஷின் ஷாப்புல பகல்லயே டியூப் லைட்டு எரியுது" என்றார். அதற்கும் அடுத்து, வாழ்க்கை ஒரு மலர், அதை நசுங்க விடாதே என்று எழுதினேன். கல்லூரியில் கைதட்டு வாங்கியிருக்கும். நைனா கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த வார்த்த வாணாம் பாப்பா. அத நீ பாத்தது இல்ல, நான் பாத்திருக்கேன்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதுவரை நான் எழுதித் தள்ளிய நங்கூரம், கோட்டை, மலர் எல்லாமே யாருக்கும் வலிக்காத இடத்தில் உட்கார்ந்து எழுதியவை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அழகாக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, அதை யார் தினமும் தாண்டிப் போகப் போகிறார்கள் என்று பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நைனாவே நிபந்தனைகள் போட ஆரம்பித்தார். கை என்ற சொல் வரக் கூடாது, வந்தால் எல்லோரும் திரும்பி அவரைத்தான் பார்ப்பார்கள். விரலும் கூடாது. கேர்லெஸ் கூடவே கூடாது. வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று எழுதட்டுமா என்றேன். எல்லாக் கம்பெனியிலும் எழுதுகிற வரி அது. "அவருக்குப் புள்ளைங்க எங்க கீது?" என்றார். மனைவி காத்திருக்கிறாள்? "ஒரிசாலேர்ந்து வந்த பசங்க பாதிப் பேரு கீறாங்க. அவங்களுக்கு யாரு கல்யாணம் பண்ணி வெச்சா?" ஒரு வாக்கியத்துக்கு இத்தனை கதவை மூடினால் அது எந்த வழியாகத்தான் வரும்? எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"நீயே எழுதிக்க நைனா. பேஜாரு புடிச்ச வேல."

"எழுதத் தெரிஞ்சா ஒங்கிட்ட ஏன் வரேன்?" என்றார், சிரித்துக்கொண்டே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனாலும் நான் கல்லூரிக்குப் போகவில்லை. மத்தியானம் அம்மா சோற்றை வடித்து, குழம்பை இறக்கி, எப்போதும் செய்வதுபோல நைனாவின் எவர்சில்வர் தட்டைச் சோற்றுப் பானைமேல் கவிழ்த்து வைத்தாள். நைனா மூன்று மணிக்கு வந்து அந்தத் தட்டை நிமிர்த்திப் போட்டு அதில்தான் சாப்பிடுவார். எதிர்வீட்டிலும் அப்படித்தான். அதுவரை அம்மாவும் பெரியம்மாவும் சாப்பிட மாட்டார்கள். வாசலில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள். தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு அந்தத் தட்டைப் பார்த்தபோது எனக்கு வேறொரு தட்டு ஞாபகம் வந்தது.

விபத்து நடந்த அன்று சேதி வந்ததும் அம்மாவும் பெரியம்மாவும் போட்டது போட்டபடி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மறுநாள் பெரியம்மாவுக்கு மாற்றுப் புடவை எடுக்க நான் அவர்கள் வீட்டைத் திறந்தேன். அடுப்பங்கரையில் தட்டு அப்படியே கவிழ்ந்து கிடந்தது. தூக்கினேன். சோறு நொதித்துப் புளித்த வாடை அடித்தது. பக்கத்துச் சட்டியில் நெத்திலிக் குழம்பும் கெட்டிருந்தது. எல்லாவற்றையும் பின்பக்கம் கொட்டி, பானையையும் தட்டையும் தேய்த்து, தட்டைப் பழையபடி கவிழ்த்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பெரியப்பாவின் கையைப் பற்றிக் கேட்டபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. அந்தத் தட்டுதான் அழ வைத்தது.

நைனா வந்து சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். "நைனா, தட்ட எழுதலாமா?"

அவர் நிமிர்த்திய தட்டைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். எதிர்வீட்டுத் தட்டைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் அவர் சோறு போட்டுக்கொள்ளவில்லை.

"அத எழுது" என்றார்.

சொல்வது சுலபம், ஆங்கிலத்தில் உட்கார வைப்பது பெரும்பாடாக இருந்தது. நம் வீட்டில் தட்டுதான் சோற்றை மூடுகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் தட்டையே வேறு எதனாலோ மூடியிருப்பது மாதிரி வந்தது. சரியாக விளக்கப் போனால் வாக்கியம் சமையல் குறிப்பு மாதிரி நீண்டது. "தட்டுக்கு அடியில சோறு இருந்தா சரி, மேல இருந்தாலும் சரி" என்று நைனா தீர்ப்புச் சொன்னார். அப்புறம் யார் காத்திருக்கிறார்கள் என்ற பிரச்சினை. ஆளையே விட்டுவிட்டுத் தட்டைக் காத்திருக்க வைத்தேன். வீட்டில் என்று போட்டிருந்தேன். ஒரிசாப் பையன்களின் வீடு ரயிலில் போனால்கூட எத்தனை தூரம்! வீட்டை எடுத்துவிட்டு எங்கோ ஓரிடத்தில் என்று மாற்றினேன். கடைசியில் வந்தது இதுதான்: சம்வேர் எ கவர்டு பிளேட் இஸ் வெயிட்டிங் ஃபார் யூ. எங்கோ ஓரிடத்தில் மூடி வைத்த ஒரு தட்டு உனக்காகக் காத்திருக்கிறது.

நைனா அதை மனப்பாடம் செய்தார். கம்பெனியில் யாராவது அர்த்தம் கேட்டால் தடுமாறக் கூடாதாம். மொபெட்டைத் துடைக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்கு மட்டும் கேட்காமல் பார்த்துக்கொண்டார்.

பாதுகாப்பு அதிகாரி நைனாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மதுரைப் பக்கத்துக்காரர், வயது குறைவு, கும்மிடிப்பூண்டியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். வரி நன்றாக இருக்கிறது, ஆனால் பிளேட் என்பது கொஞ்சம் மட்டமாகத் தெரிகிறது, அன்பான குடும்பம் என்று மாற்றினால் முதல் பரிசே கொடுக்கலாம் என்றாராம். இன்னொரு குறையும் சொன்னார். வாசகத்தில் சேஃப்டி என்ற சொல்லே இல்லை.

எங்கள் நைனா மேலதிகாரி முன்னால் பேசுகிற ஆள் இல்லை. 'சரி சார்' தவிர வேறு எதுவும் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசியிருக்கிறார். "ஊட்லேர்ந்து கெளம்பச்சொல்லோ, சேஃப்டியா இருன்னா சார் சொல்றாங்க? போய்ட்டு வான்னுதானே சொல்றாங்க. அதான் சார் இது. தட்ட எடுத்துட்டீங்கன்னா எனக்குப் பரிசு வாணாம், வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி காகிதத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாராம். அவரும் மெஸ்ஸில் சாப்பிடுகிற ஆள்தானே. "தட்டே இருக்கட்டும்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

முதல் பரிசு கிடைத்தது. ஒரு பெரிய ஹாட் பாக்ஸ்! சோற்றை அதில் போட்டு மூடினால் சாயங்காலம்வரை சூடாக இருக்கும் என்று நைனா பெருமையோடு கொண்டுவந்து வைத்தார். ஆக, தட்டைப் பற்றி எழுதியதற்குத் தட்டுக்கே வேலை இல்லாமல் போகிற பரிசு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா மட்டும் அதில் சோற்றைப் போட்டு, அதன் மூடியையும் போட்டு, அதற்கு மேல் நைனாவின் தட்டைக் கவிழ்த்தாள். "மூடி கீதே, இன்னும் தட்டு எதுக்கு?" என்று கேட்டேன். "இருக்கட்டும், இன்னா இப்போ?" என்றாள்.

இப்போது நான் சென்னையில் ஒரு அலுவலகத்தில் பிறர் எழுதுகிற ஆங்கிலத்தைத் திருத்திப் பிழைக்கிறேன். கலங்கரை விளக்கமும் நங்கூரமும் இன்னும் என் மேஜைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றை அடித்து நீக்கும்போதெல்லாம் டீ டம்ளரைக் கீழே வைத்த நைனாதான் கண்ணில் நிற்கிறார். அந்தச் சாயங்கால நேரங்களுக்காக, சமையலறை வாசலில் அவரோடு சண்டை போட்ட அந்த மார்ச் மாதத்துக்காக, இப்போதும் மனசு ஏங்குகிறது. கேன்டீன் சுவரில் இன்றைக்குப் பெயின்ட் கிடையாது, அச்சடித்த ஸ்டிக்கர்தான் ஒட்டுகிறார்களாம். எங்கள் வரி ஒரே ஒரு வருஷம் இருந்தது.

ஆனால் அந்த வரி சுவருக்கு வந்த உடனே பெரியப்பா கேன்டீனுக்குப் போகவில்லை. சிவப்பு எழுத்தையும் கைப் படத்தையும் அழித்து, வெள்ளை அடித்து, நீலத்தில் எழுதி முடித்த பிறகும் டிபன் பாக்ஸோடு ஸ்டோரிலேயே உட்கார்ந்தார். நைனா ஒரு வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். எனக்கும் வெறுத்துப்போயிற்று. ஒரு வாக்கியத்தால் என்னதான் ஆகிவிடும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதா கோயிலுக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டையோடு பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டிருந்தார். நைனா குளித்துக்கொண்டிருந்தார்.

"செவுத்துல நீ எழுதுனதுதானாமே. எனக்கு இங்கிலீஷ் அர்த்தம் அவ்ளோ வராது. இன்னா எழுதிக்கீற, சொல்லு" என்றார்.

சொன்னேன். அவர் எங்கள் அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தார். ஹாட் பாக்ஸ்மேல் நைனாவின் தட்டு கவிழ்ந்திருந்தது. அதிலேயே அவர் கண் நின்றது.

"அன்னிக்கு எங்க ஊட்ல... வெச்சிருந்தாளா?"

"வெச்சிருந்தாங்க பெரிப்பா. நான்தான் மறுநாளு எடுத்தேன்."

"அவ எங்கிட்ட சொல்லவே இல்ல. அன்னிக்கு சமைக்கவே இல்லன்னு சொல்லிட்டா." அப்புறம் கேட்டார்: "இன்னா கொழம்பு?"

"நெத்திலி."

அவர் முகம் அப்படியே உடைந்தது. சிரித்தாரா அழுதாரா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. "நான்தான் காலைல கேட்டுட்டுப் போனேன்" என்றார். பையிலிருந்து கையை எடுத்து, மிஞ்சியிருந்த அந்தக் கட்டை விரலாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெருவைத் தாண்டி வீட்டுக்குப் போனார். அவர்கள் வீட்டுக்குள் பெரியம்மாவின் அழுகைக் குரல் கேட்டது. அம்மா எழுந்து போகப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

மறுநாள் நான் கல்லூரிக்குப் போகவில்லை. மூன்று மணிக்கு மொபெட் சத்தம் கேட்டது. தெருமுனையிலிருந்தே பேச்சுச் சத்தமும் கேட்டது, பின்னால் உட்கார்ந்திருந்த பெரியப்பா பேசிக்கொண்டே வந்தார். நைனா செருப்பைக் கூடக் கழற்றாமல் சமையலறை வாசல்வரை வந்துவிட்டார்.

"பொங்கலு போட்டாங்க இன்னிக்கு" என்றார் அம்மாவிடம். "என் எதுர்லதான் ஒக்காந்தாரு. ஸ்பூன் வாணாம்னுட்டாரு, எடது கையாலயே துன்னாரு. ரெண்டாவது தபா சாம்பாரு கேட்டு வாங்குனாரு."

அம்மா தட்டை நிமிர்த்திப் போட்டாள்.